தேம்ஸ் நதிக்குக் கதவு வைத்த கதை

1953 ஜனவரி 31 இரவு. வட கடலில் வீசிய புயல் கடல்நீரைத் திரட்டித் தெற்கே தள்ளியது. உலகப்படத்தில் அக்கடலைப் பாருங்கள். வடக்கே அகன்று, தெற்கே புனல்போல் குறுகிவிடும். அந்த நெருக்கத்தில் புகுந்த நீர் உயராமல் என்ன செய்யும்? மேலும், காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். இவற்றோடு ஓதத்தின் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர் மாண்டனர். நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்டோர்.

இலண்டனின் நடுப்பகுதி அன்று தப்பியது. 1928 ஜனவரியில் தப்பவில்லை. தேம்ஸ் கரை உடைந்து, வீடுகளின் நிலவறைகளில் நீர் புகுந்து 14 பேர் இறந்தனர்.

கரைகளை உயர்த்தினால் போதாதா என்று கேட்பீர்கள். அதைத்தான் பல்லாண்டுகளாகச் செய்து வந்தார்கள். சுவரை எவ்வளவுதான் உயர்த்துவது? ஆற்றின் குறுக்கே கதவு வைக்கலாமென்றால், அது கப்பல் போகும் வழி. மிக அகன்ற திறப்பு வேண்டுமென்றது துறைமுகத் தரப்பு. இந்த வாதத்திலேயே ஆண்டுகள் ஓடின. முடிவில் ஹெர்மன் பாண்டி என்ற கணித அறிஞரிடம் அரசு ஆலோசனை கேட்டது. பெயரைக் கண்டு நம்மவரென்று எண்ண வேண்டாம். வியன்னாவில் பிறந்தவர், பேரண்டத்தின் தோற்றத்தை ஆராய்ந்தவர்! தடுப்பு தேவை என்று 1967இல் அவர் அறிக்கை தந்தார். அதற்குள் பெரிய கப்பல்கள் கடலை அடுத்த துறைகளிலேயே நிற்கத் தொடங்கியிருந்தன. ஆகவே 61 மீட்டர் திறப்பே போதுமானதாயிற்று. புகழ்பெற்ற கோபுரப் பாலத்தின் திறப்பும் அதே அகலம்தான்.

கதவின் அமைப்பைச் சொன்னவர் சார்லஸ் டிரேப்பர் என்ற பொறியாளர். தம் வீட்டு எரிவாயுக் குழாயின் திருகைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாம். திருகினால் உள்ளிருக்கும் உருளை சுழன்று வழியை அடைக்கிறதல்லவா? அதுபோல, வில்லாக வளைந்த எஃகுக் கதவு ஆற்றின் அடியிலுள்ள கான்கிரீட் பள்ளத்தில் படுத்திருக்கும். கப்பல்கள் அதன் மேலேயே செல்லும். வேண்டும்போது கால்வட்டம் சுழன்று எழுந்து நிற்கும்.

1974இல் தொடங்கிய வேலை 1982இல் முடிந்தது. வுல்விச் அருகே 520 மீட்டர் நீளத்தில் 10 கதவுகள். 1984 மே மாதம் அரசி எலிசபெத் திறந்துவைத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். கடல் பொங்கி வரும் வேளையில் கதவை மூடுவதில்லை. அதற்குப் பல மணி நேரம் முன்பே, ஆறு வற்றிக் கிடக்கையில் மூடிவிடுவார்கள். ஏன்? கதவு மூடியிருந்தாலும் மேலிருந்து வரும் ஆற்றுநீர் நிற்காதே! அது தங்குவதற்கு இடம் வேண்டும். 2013–14 குளிர்காலத்தில் கதவுகள் 50 முறை மூடப்பட்டன. பெரும்பாலும், மேலிருந்து வந்த மழைவெள்ளத்துக்கு அப்படி இடம் ஒதுக்கத்தான்.