உணரிவழிக் காற்றோட்டம்

அறைக் காற்றின் நிலையை உணரிகளால் அளந்து, வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் விசிறியின் வேகத்தை அதற்கேற்பக் கூட்டிக் குறைப்பது உணரிவழிக் காற்றோட்டம். பழைய அமைப்பில் அரங்கு நிரம்பியிருந்தாலும் வெறிச்சோடிக் கிடந்தாலும் விசிறி ஒரே வேகத்தில் ஓடும். உள்ளே வரும் வெப்பக் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் தேவை. அதை மிச்சப்படுத்தவே பெரிய கட்டடங்களில் இம்முறை புகுந்தது. ஆனால் இதன் மெய்யான பயன் மூச்சு விடுவோரின் நலத்தில் இருக்கிறது. அந்த நலமோ எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான கருவிகள் கார்பன் டை ஆக்சைடையே அளக்கின்றன. இதற்கு வழிகாட்டியவர் மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர். அறைக் காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாது என்று 1858-இல் அவர் வரம்பிட்டார். அந்த அளவில் வாயு நஞ்சு என்பதல்ல அவர் கருத்து. மனிதர் வெளிவிட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். வெளிக்காற்றில் இன்று அது சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சிலோ ஏறத்தாழ 4 சதவீதம். ஆக, அறையில் 1,000 பங்கு இருந்தால், உள்ளிழுக்கும் காற்றில் ஏறக்குறைய 1.5 சதவீதம் ஏற்கெனவே ஒருவர் நுரையீரலுக்குள் போய்வந்தது. காற்றில் பரவும் நோய்க்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். கொரோனா காலத்தில், 2021-இல், இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்கு இத்தகைய அளவிகளை வழங்கியது இதனால்தான்.

ஆனால் இந்த ஓர் உணரியிடம் விசிறியை ஒப்படைத்துவிடுவது தவறு. கொசுவர்த்திப் புகையோ புதுப் பெயிண்டின் ஆவியோ அதற்குத் தெரியாது. ஆளில்லாத, பெயிண்ட் காயாத அறையில் அது விசிறியைத் தணித்துவிடும். மறுபக்கம், நவம்பர் மாத டெல்லியிலும் போகிப் புகை சூழ்ந்த சென்னை விடியலிலும் அது வெளிக்காற்றைக் கேட்டு வாங்கி நுண்துகளையும் சேர்த்து உள்ளே இழுக்கும். 24 மணி நேர சராசரியில் பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். இந்திய வரம்பு 60. நம் நகரங்களில் நுண்துகள் உணரியும் வடிகட்டியும் இல்லாத கட்டுப்பாடு அரைகுறையே.

மலிவான உணரிகள் பொய் சொல்லும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. சில கருவிகள் கார்பன் டை ஆக்சைடை அளக்காமல், பிற ஆவிகளைக் கொண்டு ஊகித்து எண் காட்டுகின்றன. சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் திருத்திக்கொள்பவை, இரவும் பகலும் ஆள் நீங்காத மருத்துவமனை வார்டில் பிசகிப்போகும். லேசர் கொண்டு துகள் எண்ணுபவை ஈரப்பதம் ஏறினால் மிகைப்படுத்தும். ஆனால் இவை தேர்விலும் பராமரிப்பிலும் நேரும் குறைகள். முறையின் குறைகள் அல்ல. ஜன்னலைத் திறந்தால் போதாதா என்பாரும் உண்டு. எதிரெதிர் ஜன்னல் உள்ள வீட்டுக்கு அது போதும். பூட்டிய அறையின் ஸ்பிளிட் ஏ.சி.யோ உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. புதுக் காற்று வருவதில்லை. அங்கே தூங்குவோருக்கு எச்சரிக்கை தருவது உணரி மட்டுமே.

வாங்குவோர் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் உணரியைக் கேட்டு வாங்க வேண்டும். ஜன்னலையும் ஆள் உட்காரும் இடத்தையும் ஒட்டாமல், மூச்சு விடும் உயரத்தில் அதைப் பொருத்த வேண்டும். உணரி என்ன எண் காட்டினாலும், ஆள் இருக்கும் அறையில் விசிறி முழுவதும் நிற்காதபடி குறைந்தபட்ச வேகம் வைக்க வேண்டும்.