எழுதிக் கொடுத்தால் கோர்ட்டு உத்தரவு ரத்தாகி விடுமா?

போடி:-

"பெண்டாட்டியை அடிக்கக்கூடாது, அவள் இருக்கும் வீட்டுப்பக்கம் தலைகாட்டக்கூடாது" என்று கணவருக்கு கோர்ட்டு பாதுகாப்பு உத்தரவு போட்டிருக்கிறது. பிறகு ஊர்ப்பெரியவர்கள் பேசி சேர்த்து வைக்கிறார்கள். "சமாதானமாகி விட்டோம்" என்று பேப்பரில் கையெழுத்தும் ஆகிறது. அதோடு உத்தரவு முடிந்ததா? இல்லை.

குடும்ப வன்முறை தடுப்பு சட்டம் 2006-ம் ஆண்டு அக்டோபர் 26-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன் 25-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணே கோர்ட்டில் மனு போட்டு ரத்து கேட்கும் வரை பாதுகாப்பு உத்தரவு உயிரோடுதான் இருக்கும். மீறினால் ஓராண்டு வரை ஜெயில் அல்லது ரூ.20 ஆயிரம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஜாமீனில் வர முடியாத குற்றம் வேறு.

ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறி கேரளா போனாலும் தப்ப முடியாது. உத்தரவு இந்தியா முழுக்க செல்லும். போடிமெட்டை தாண்டினால் காலாவதி ஆகிவிடாது.

கணவரும் கேட்கலாம்

உத்தரவை மாற்றவோ, ரத்து செய்யவோ கணவரும் மனு போடலாம். ஆனால் சூழ்நிலை மாறி இருப்பதை மாஜிஸ்திரேட்டு நம்ப வேண்டும். காரணத்தை எழுத்து மூலம் பதிவும் செய்ய வேண்டும். "முதல்ல போட்ட உத்தரவே தப்புங்க" என்று வாதாட இது இடமில்லை. அதற்கு 30 நாளுக்குள் செசன்சு கோர்ட்டில் அப்பீல் செய்ய வேண்டும்.

கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் ரூ.12 ஆயிரம் ஜீவனாம்சமும், ரூ.1 லட்சம் நஷ்டஈடும் தர 2015-ல் உத்தரவானது. பல வருடம் கழித்து கணவர் உத்தரவை ரத்து செய்து, கொடுத்த பணத்தையும் திருப்பித்தர சொல்லி மனு போட்டார். 2024 செப்டம்பர் 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. சூழ்நிலை மாற்றம் உத்தரவுக்கு பிறகு நடந்ததாக இருக்க வேண்டும், பழைய பணத்தை திருப்பி கேட்க முடியாது என்று சொல்லி விட்டது. வருமானம் கூடுவது, குறைவது எல்லாம் மாற்றம்தான்.

அவசரம் வேண்டாம்

சேர்ந்து வாழ நினைக்கும் பெண்கள் எடுத்த எடுப்பில் முழுசாக ரத்து கேட்க வேண்டியதில்லை. "வீட்டுக்கு வரலாம், ஆனால் அடிக்கக்கூடாது" என்கிற மாதிரி திருத்தம் கேட்கலாம். அதுதான் புத்திசாலித்தனம். ரத்தான பிறகு மறுபடி கை நீட்டினால் புதுசாக மனு போட்டு, முதலில் இருந்து அலைய வேண்டும்.

வக்கீல் பீசுக்கு பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கு 15100, பெண்கள் உதவிக்கு 181-ல் பேசலாம்.