வீட்டில் இசைத்தட்டுகளைப் பாதுகாப்பது எப்படி? பருவமழைக்கு முன் அறிய வேண்டியவை

தாத்தா காலத்து கிராமபோன் தட்டுகளும் அண்மையில் வாங்கப்பட்ட வினைல் தட்டுகளும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள் நாட்டின் பல பகுதிகளிலும் உள்ளன. ஊசி பட்டுத் தேய்வது ஒருபுறம் இருக்க, பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும்போதே பல தட்டுகள் பாழாகின்றன. கொல்கத்தா, மும்பை, கொச்சி போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் இவற்றுக்குக் கடும் சோதனைக் காலமாகும்.

இந்தியாவில் வணிக நோக்கிலான இசைப்பதிவு 1902-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் தொடங்கியது. பாடகி கௌஹர் ஜான் அப்போது பதிவு செய்யப்பட்ட கலைஞர்களுள் ஒருவர். 1908-இல் அந்நகரின் சியால்தா பகுதியில் இசைத்தட்டுத் தொழிற்சாலை அமைந்தது. பின்னர் டம்டம் பகுதியில் பெரிய ஆலை உருவானது. அக்காலத்தில் வெளியான பதிவுகளுள் சில, இன்று தனிநபர் சேகரிப்புகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஆகவே, வீட்டில் உள்ள ஒரு தட்டு உடைந்தால் ஒரு குரலே மறையக்கூடும்.

இரு வகைத் தட்டுகள்

பாதுகாப்பின் முதல் படி, தட்டு எவ்வகையைச் சேர்ந்தது என அறிவதாகும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள், ஷெல்லாக் எனப்படும் அரக்குடன் கல்தூள், கரித்தூள் ஆகியவற்றைக் கலந்து தயாரிக்கப்பட்டவை. கனமாகவும் தடிமனாகவும் இருக்கும் இவை, கைதவறி விழுந்தால் கண்ணாடி போல் உடைந்துவிடும். பிற நாடுகள் பலவற்றில் இவ்வகைத் தட்டுகள் வழக்கொழிந்த பின்னரும், இந்தியாவில் 1960-களிலும் இவை வெளிவந்தன. ஆகவே, அந்த ஆண்டுகளில் வாங்கியது என்பதால் மட்டும் ஒரு தட்டை வினைல் என முடிவு செய்துவிடக் கூடாது.

1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான நெடுநேரத் தட்டு, அதாவது எல்.பி., பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனது. 12 அங்குல விட்டம் கொண்ட இது, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும். 45 சுழற்சி கொண்ட 7 அங்குலத் தட்டுகள் 1949-இல் வெளிவந்தன. வினைல் எளிதில் உடையாது. ஆனால் வெப்பத்தில் வளைந்துவிடும். வெயிலில் நிறுத்தப்பட்ட மூடிய காரில் சிறிது நேரம் வைத்தாலும் அது உருக்குலையக் கூடும்.

இவ்விரு வகைகளின் வரிப்பள்ளங்களும் வெவ்வேறு அகலம் கொண்டவை. 78 தட்டுக்கு அகலமான ஊசி தேவை. எல்.பி.க்குரிய ஊசியை அதில் பயன்படுத்தினால் ஒலி கெடுவதுடன் ஊசியும் சேதமடையும்.

நிமிர்த்தி வைப்பதே முறை

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்குவது பரவலாகக் காணப்படும் தவறு. அடியில் உள்ள தட்டு மேலிருப்பவற்றின் எடையால் வளையும் அல்லது விரிசல் விடும். புத்தகங்களைப் போல் செங்குத்தாக நிறுத்துவதே சரியான முறை. சாய்ந்து நின்றாலும் நாளடைவில் தட்டு வளையும் என்பதால், 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, தட்டின் முழு உயரத்துக்கும் தடுப்புகள் அமைக்க வேண்டும். உறைகளை உருவும்போது உராய்வு ஏற்படும் அளவுக்கு நெருக்கி அடைக்கவும் கூடாது. வெவ்வேறு அளவுள்ள தட்டுகளைத் தனித்தனியே வைப்பது நல்லது.

அலமாரியின் வலிமையும் முக்கியம். 30 சென்டிமீட்டர் அகலத்தில் அடுக்கப்பட்ட தட்டுகள் ஏறத்தாழ 15 கிலோ எடை இருக்கும். மெல்லிய பலகை இந்தச் சுமையில் நடுவில் தொய்ந்துவிடும். உறுதியான எஃகு அடுக்குகள் இதற்கு ஏற்றவை. கீழ்த்தட்டு தரையிலிருந்து சில அங்குலமாவது உயர்ந்திருந்தால், வெள்ளநீர், கரையான் ஆகியவற்றிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும்.

ஈரப்பதமும் வெப்பமும்

சுமார் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் 40 முதல் 50 சதவீத ஈரப்பதமும் தட்டுகளுக்கு உகந்தவை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். அட்டை உறை, காகிதம், பசை ஆகியவை அதற்கு உணவாகின்றன.

இந்திய வீடுகளில் ஆண்டு முழுவதும் இந்த அளவைப் பேணுவது கடினம். எனினும், திடீர் ஏற்றத்தாழ்வுகளைத் தவிர்க்க முடியும். இரவு முழுவதும் குளிரூட்டி இயங்கி, பகலில் புழுக்கம் நிறையும் அறை இதற்கு ஏற்றதன்று. மழை படும் வெளிச்சுவர், சமையலறை, குளியலறை ஆகியவற்றை ஒட்டியும் அடுக்குகளை அமைக்கக் கூடாது. சுவருக்கும் அடுக்குக்கும் இடையே காற்றோட்டத்துக்கு இடைவெளி தேவை. கான்கிரீட் கூரைக்குக் கீழுள்ள பரணில் கோடை வெப்பம் தங்கும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

சிறிய ஈரப்பதமானி ஒன்றை அடுக்கின் அருகில் வைத்தால் நிலைமையை அறியலாம். மூடிய பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பயன்படும். ஈரத்தை உறிஞ்சியபின் அவற்றை உலர்த்த அல்லது மாற்ற வேண்டும்.

உறையும் தூய்மையும்

பழைய காகித உள்ளுறைகள் நைந்து, தூசியைத் தட்டின் மீது உதிர்க்கின்றன. அவற்றுக்குப் பதிலாக பாலிஎத்திலீன் உறைகளைப் பயன்படுத்தலாம். பி.வி.சி.யால் ஆன உறைகள் நாளடைவில் தட்டின் மேற்பரப்பைப் பாதிக்கும் என்பதால் அவை கூடாது. புதிய தட்டுகளின் அட்டையை இறுக்கிச் சுற்றியிருக்கும் மெல்லிய நெகிழித் தாளையும் அகற்றிவிட வேண்டும். பழைய உறையில் கடையின் முத்திரையோ விலையோ கையெழுத்தோ இருந்தால் அதை எறிந்துவிடாமல் தனியே காப்பது நல்லது.

தட்டை எப்போதும் விளிம்பிலும் நடுவில் உள்ள முகப்புச் சீட்டிலும் மட்டுமே தொட வேண்டும். விரல் படும் இடத்தில் எண்ணெய்ப்பசை ஒட்டி, தூசியையும் பூஞ்சையையும் ஈர்க்கும். வடிகட்டி ஆவியாக்கிய நீரில் சில துளி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மிருதுவான தூரிகையால் வரிப்பள்ளங்களின் திசையிலேயே துடைக்கலாம். முகப்புச் சீட்டு நனையக் கூடாது. முழுமையாக உலர்ந்த பின்னரே உறையில் இட வேண்டும்.

அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது. அது அரக்கைக் கரைத்து, பதிவையே அழித்துவிடும். அவற்றை நீரில் ஊறவைப்பதும் தவறு.

பூஞ்சை படர்ந்தால்

பூஞ்சை தென்பட்ட தட்டை உடனே பிறவற்றிலிருந்து பிரித்து, வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்த வேண்டும். ஈரத்துடன் தேய்த்தால் பூஞ்சை மேலும் பரவும். நன்கு உலர்ந்த பின், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே மெல்லத் தூரிகையால் அகற்றலாம். சுவாசக் கோளாறு உள்ளோர் இப்பணியைத் தவிர்ப்பது நல்லது.

பட்டியல் அவசியம்

தட்டின் நிறுவனப் பெயர், வரிசை எண், பாடியவர், மொழி, முகப்புச் சீட்டுக்கு அருகே பொறிக்கப்பட்டுள்ள எண் ஆகியவற்றைப் பதிவு செய்து, இருபுறமும் படம் எடுத்து வைக்கலாம். முகப்புச் சீட்டு அழிந்தாலும் பொறித்த எண்ணைக் கொண்டு பதிவை அடையாளம் காண வாய்ப்புண்டு.

வைத்துக்கொள்ள இயலாதோர், பழைய பொருள் கடைக்கு எடைக்குப் போடுமுன் இப்பட்டியலை அறிந்தவர்களிடம் காட்டலாம். மும்பையில் 1990-இல் தொடங்கப்பட்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகள் இத்துறையில் செயல்பட்டுள்ளன. அரியதொரு பதிவு கழிவாகப் போவதைத் தடுக்க, பெரும்பாலும் ஒரு பட்டியலே போதுமானது.