கோடையில் கடற்கரை அரை மாரத்தான்: ஓடுபவர்களும் உடன் வருபவர்களும் அறிய வேண்டியவை

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர் தூரத்தை ஓடிக் கடக்கும் போட்டியாகும். முறையாகப் பயிற்சி பெற்ற, உடல்நலமுள்ள ஒருவருக்கு இது நன்மை தரும் உடற்பயிற்சியே. ஆயினும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் கடற்கரைச் சாலையில் இத்தூரத்தை ஓடும்போது, உயிருக்கு ஆபத்தான ஒரு நிலை ஏற்படக்கூடும். ஹீட் ஸ்ட்ரோக் எனப் பலரும் அறிந்த வெப்பவாதமே அது. இளைஞர்களுக்கும், பல ஆண்டுகளாக ஓடிப் பழகியவர்களுக்கும்கூட இது வரலாம்.

இந்நோயால் நேரும் இறப்பைப் பெரும்பாலும் தடுக்க முடியும். பாதிக்கப்பட்டவரின் உடல் முதல் அரை மணி நேரத்திற்குள் குளிர்விக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அவர் பிழைப்பது அமைகிறது. ஆகவே இப்பக்கம் ஓடுபவருக்கு மட்டுமன்றி, முடிவுக்கோட்டில் அவருக்காகக் காத்திருக்கும் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் உரியது.

கடற்கரையில் வெப்பம் ஏன் ஏமாற்றுகிறது?

ஓடும்போது நம் உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே மாறுகிறது. இவ்வெப்பத்தை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சொட்டுச் சொட்டாக வழிந்து தரையில் விழும் வியர்வையால் பயன் இல்லை.

கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. மே மாதத்தில் சென்னை போன்ற கடலோர நகரங்களில் விடியற்காலையிலும் வெப்பநிலை 27 அல்லது 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்நேரத்தில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது இயல்பு. வெயில் இல்லாததால் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், வியர்வை ஆவியாவதற்கு மிகக் கடினமான வேளை அதுவே.

கடற்காற்று காப்பாற்றும் என்று எண்ணுவதும் சரியன்று. நம் கிழக்குக் கடற்கரையில் விடியற்காலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்தே காற்று வீசும். கடற்காற்று முற்பகலிலோ நண்பகலுக்குப் பின்னரோதான் தொடங்கும். அதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். மேலும், காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து ஏறத்தாழ நீங்கள் ஓடும் வேகத்திலேயே வீசினால், உடலின் மேல் காற்றுப் படுவதே இல்லை. ஒரே சாலையில் சென்று திரும்பும் பாதையில் ஒரு பாதி தூரம் இவ்வாறு அமையக்கூடும்.

வேகமாக ஓடுபவரின் உடலில் குறைந்த நேரத்தில் அதிக வெப்பம் சேர்கிறது. மெதுவாக ஓடுபவருக்கு வேறு சிக்கல் உண்டு. காலை 5.30 மணிக்குத் தொடங்கி 3 மணி நேரம் ஓடுபவர், கடைசிக் கிலோமீட்டர்களை 8 மணிக்கு மேல் நேர் வெயிலில் ஓட வேண்டியிருக்கும். ஆகவே இருவருமே கவனமாக இருக்க வேண்டும்.

யார் ஓடக் கூடாது?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் அன்று ஓடாதீர்கள்:

• கடந்த சில நாட்களில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு அல்லது வாந்தி இருந்திருந்தால்
• முந்தைய இரவு போதிய உறக்கம் இல்லையெனில், அல்லது மது அருந்தியிருந்தால்
• ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டு, அதற்காக இன்னும் மருத்துவரைக் காணாதிருந்தால்
• முன்பு வெப்பவாதம் ஏற்பட்டு, மீண்டும் ஓடலாம் என மருத்துவர் இன்னும் கூறாதிருந்தால்

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களும், 40 வயதைக் கடந்து புதிதாக ஓடத் தொடங்குபவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் கோடையில் இத்தகைய போட்டிகளைத் தவிர்ப்பது நல்லது.

நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள்

சில மருந்துகள் உடல் குளிர்வதைத் தடுக்கும் அல்லது நீரிழப்பை அதிகமாக்கும். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் நீர் மாத்திரைகள், இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள், சளி மற்றும் ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள், மனநல மருந்துகளுள் சில ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை நீங்களாக நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ கூடாது. போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்து ஆலோசனை பெறுங்கள்.

மூட்டுவலிக்கு அஞ்சி, ஓட்டத்திற்கு முன் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை உட்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உள்ளது. நீரிழப்புடன் இவை சேரும்போது சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இதைத் தவிருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் ஓட்டத்திற்கு முன் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சிறிது உணவு உண்டு மீண்டும் சோதித்த பின்னரே தொடங்குங்கள். 250 மில்லிகிராமுக்கு மேல் இருந்து, உடல்நலமும் சரியில்லையெனில் ஓடாதீர்கள். சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் கையில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்திற்குள் வைக்கக் கூடாது.

ஓட்டத்திற்கு முன் செய்ய வேண்டியவை

வெப்பத்திற்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் தேவை. பகலெல்லாம் குளிரூட்டப்பட்ட அறையில் பணிபுரிபவர், கடலோர ஊரிலேயே வாழ்ந்தாலும் வெப்பத்திற்குப் பழகியவர் ஆகமாட்டார். போட்டி நடைபெறும் வேளையிலேயே குறைந்த தூரத்தில் பயிற்சியைத் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

சிறிய அளவில் நடத்தப்படும் போட்டிகளில் மருத்துவ ஏற்பாடுகள் குறைவாக இருக்கலாம். பதிவு செய்யும் முன் அமைப்பாளர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

• ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? கடைசி நபர் எப்போது வந்து சேர்வார்?
• குடிநீர் நிலையங்கள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று உள்ளன? கடைசியாக வருபவருக்கும் நீர் மிஞ்சுமா?
• முடிவுக்கோட்டில் ஐஸ், தண்ணீர், பெரிய தொட்டி ஆகியவை இருக்குமா?
• ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? இதயம் நின்றால் மின்னதிர்ச்சி தரும் கருவி உண்டா?
• வெப்பம் மிகுந்தால் ஓட்டத்தைத் தள்ளிவைப்பார்களா, தூரத்தைக் குறைப்பார்களா?

வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று ஆகிய நான்கையும் சேர்த்துக் கணிக்கும் அளவீட்டை ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்பர். இது 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பொதுமக்கள் பங்கேற்கும் நெடுந்தூர ஓட்டத்தைத் தள்ளிவைப்பது நன்று என்பது விளையாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகக் கூறப்படும் அறிவுரை. இது சாதாரண வெப்பமானி காட்டும் அளவு அன்று என்பதை மனத்திற்கொள்ளுங்கள். நம் கோடைக்காலத்தில் காலை வேளையிலேயே இவ்வளவு எட்டப்படலாம்.

எவ்வளவு நீர் குடிப்பது?

தாகத்திற்கு ஏற்பக் குடியுங்கள். தாகத்தைப் பொருட்படுத்தாமல் ஓடுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு ஒவ்வொரு நிலையத்திலும் கட்டாயமாகக் குடிப்பதும். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கக்கூடும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களே அவர்களுள் மிகுதி.

உங்கள் தேவையை அறிய எளிய வழி உண்டு. பயிற்சி ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். சிறிது குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். ஓட்டம் முடிந்தபின் உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவற்றைப் பருகலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும்.

நீர் குடித்துவிட்டால் வெப்பவாதம் வராது என்று எண்ண வேண்டாம். நன்கு நீர் அருந்தியவருக்கும் அது வரும். வேகத்தைக் குறைப்பதே சிறந்த தற்காப்பு. தலைவலி, குமட்டல், மயிர்க்கூச்செறிதல், வெப்பத்திலும் குளிர்வது போன்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

உடன் வருபவர் அடையாளம் காண்பது எப்படி?

முடிவுக்கோட்டைக் கடந்தவுடன் தலைசுற்றி விழுபவர்கள் உண்டு. ஓட்டம் திடீரென நின்றதால் இரத்தம் கால்களில் தேங்குவதே இதற்குப் பொதுவான காரணம். அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவடைவார். கேட்டால் சரியாகப் பதில் சொல்வார்.

வெப்பவாதம் வேறு. அதில் மூளையின் செயல்பாடு மாறுகிறது. தள்ளாடுதல், பொருத்தமின்றிப் பேசுதல், காரணமின்றிக் கோபப்படுதல், உதவ வருபவரைத் தள்ளிவிடுதல், இடம் அறியாமை, வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை அறிகுறிகள். பெயர், ஊர், இன்றைய கிழமை ஆகியவற்றைக் கேளுங்கள். விடையில் குழப்பம் இருந்தால் வெப்பவாதம் என்றே கொண்டு செயல்படுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்:

• வியர்வை நின்று தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பவாதம் என்பது ஓடுபவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கும்.
• நெற்றியிலும் அக்குளிலும் வெப்பமானி காட்டும் அளவை நம்பாதீர்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும்போதும் அது குறைவாகக் காட்டக்கூடும்.

முதலில் குளிர்வியுங்கள், பிறகு கொண்டுசெல்லுங்கள்

108 எண்ணை உடனே அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள்.

1. நிழலுக்குக் கொண்டுசென்று, காலணிகளையும் மேலாடைகளையும் அகற்றுங்கள்.
2. ஐஸ் கலந்த நீர் நிரம்பிய தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்துங்கள். நினைவிழந்தவர் நீரில் மூழ்கிவிடாதபடி, இரு அக்குள்களுக்கும் கீழே துணியைச் செலுத்தி ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
3. தொட்டி இல்லையெனில், தார்ப்பாய் ஒன்றின் நடுவே அவரைக் கிடத்தி, விளிம்புகளை நால்வர் தூக்கிப் பிடித்து, ஐஸையும் நீரையும் கொட்டி அசைத்துக்கொண்டே இருங்கள். தலை எப்போதும் நீருக்கு மேல் இருக்கட்டும். மீன்பிடி துறைமுகம் உள்ள ஊர்களில் ஐஸ் தொழிற்சாலையும் தார்ப்பாயும் அருகிலேயே கிடைக்கும். முன்கூட்டியே ஏற்பாடு செய்ய அமைப்பாளர்களிடம் வலியுறுத்துங்கள்.
4. இவை எதுவும் இல்லையெனில், உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஐஸ் வையுங்கள்.
5. உள்வெப்பத்தை முறையாக அளக்க மருத்துவக் குழு இருந்தால், 39 டிகிரிக்குக் கீழ் வரும்வரை குளிர்விப்பார்கள். அளக்க இயலாத இடத்தில் சுமார் 15 நிமிடம் குளிர்வித்து, பின் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வழியிலும் குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்னும் கடற்கரை ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் 7 மைல் ஓட்டம் நடைபெறுகிறது. இது அரை மாரத்தானைவிடக் குறைந்த தூரம். ஆயினும் 18 ஆண்டுகளில் அங்கே 274 பேர் வெப்பவாதத்திற்குச் சிகிச்சை பெற்றனர். முடிவுக்கோட்டிலேயே குளிர்நீரில் அமிழ்த்திச் சிகிச்சை அளிக்கப்பட்ட அந்த 274 பேரும் உயிர் பிழைத்தனர்.

செய்யக் கூடாதவை

• தெளிவில்லாதவரின் வாயில் தண்ணீர், சோடா, இளநீர் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும்.
• பாராசிட்டமால் தராதீர்கள். காய்ச்சலுக்கான மாத்திரைகள் இவ்வெப்பத்தைக் குறைக்கா.
• அலையில் நனைப்பதற்காகக் கடலுக்குள் இழுத்துச் செல்லாதீர்கள். கோடையில் நம் கடல்நீர் 30 டிகிரியை ஒட்டி வெதுவெதுப்பாகவே இருக்கும். மூழ்கும் ஆபத்தும் உண்டு.
• சிறிது பேசத் தொடங்கிவிட்டார் என்பதற்காகக் குளிர்விப்பதை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர் குழம்பிப் பேசினால், குளிர்விக்கும்போதே சர்க்கரையையும் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். எவரேனும் சுருண்டு விழுந்து, அசைவோ இயல்பான மூச்சோ இல்லையெனில் இதயம் நின்றிருக்கலாம். உடனே மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுந்துமாறு விடாமல் அழுத்துங்கள்.

வீடு திரும்பிய பின்

வெப்பவாதம் ஏற்பட்டவர் முற்றிலும் தெளிந்தாலும் மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். தசை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் பாதிப்பு அடுத்த ஓரிரு நாட்களில்தான் வெளிப்படலாம். வெப்பவாதம் ஏற்படாதவர்களும், கறுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் கழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தொடர் வாந்தி, கடும் தசைவலி, குழப்பம் ஆகியவை இருந்தாலோ உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெப்பவாதத்திற்குப் பின் குறைந்தது ஒரு வாரம் எவ்வித உடற்பயிற்சியும் கூடாது. அதன்பின் மருத்துவரின் ஒப்புதலுடன் சிறிது சிறிதாகத் தொடங்கலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

• விடியற்காலைக் குளிர்ச்சியை நம்பாதீர்கள், ஈரப்பதத்தைக் கவனியுங்கள்.
• உடல் ஒத்துழைக்காத நாளில் ஓடாமலிருங்கள்; பாதியில் நிறுத்துவது தோல்வி அன்று.
• ஓடுபவரின் பேச்சிலோ நடத்தையிலோ மாற்றம் கண்டால் அது வெப்பவாதமாக இருக்கலாம்.
• 108 எண்ணை அழைத்துவிட்டு, அங்கேயே குளிர்விக்கத் தொடங்குங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்று அல்ல. உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.