தாது வருஷப் பஞ்சத்தில் முளைத்த ஆய்வகம்

வடதுருவ ஒளி நாளை இரவு தெரியுமா என்று கணித்துச் சொல்லும் விஞ்ஞானத்துக்கும் சேலம் ஜில்லாவின் காய்ந்த மேட்டுக்காடுகளுக்கும் உறவு உண்டு. அந்த உறவு 1876இல், தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

அன்று நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாதான். 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1881இல் ஏறக்குறைய 16 லட்சமாகச் சரிந்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் இங்கே ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோதும் இந்தியத் தானியம் கப்பலேறியது. அந்தப் பாவத்தைச் சூரியன் தலையில் கட்ட முடியாது.

ஆட்சியாளர்களின் பார்வை என்னவோ சூரியன் மேல்தான் போயிற்று. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொரு முறை கூடிக் குறைகின்றன. புள்ளி குறையும்போது மழையும் குறைகிறது என்று 1877இல் சென்னையின் மழைக் கணக்கை வைத்துப் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஹண்டர் வாதிட்டார். சூரியனை நாள்தோறும் கவனித்தால் பருவமழையை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. 1893இல் இயற்பியலாளர் கெல்வின் தலைமையிலான குழு கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைக்க முடிவெடுத்தது. 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி மலையேறியது. பொறுப்பு வானியலாளர் மிச்சி ஸ்மித்திடம்.

மழைக் கணிப்பு கைகூடவில்லை. சூரியனைப் பார்க்கும் வேலை மட்டும் நிற்கவே இல்லை. வானம் தெளிந்த நாளெல்லாம் படம் எடுத்தார்கள். கால்சியத்தின் ஊதா ஒளியை மட்டும் பிரித்தெடுத்த கண்ணாடித் தகடுகளில், காந்தப்புலம் வலுத்த இடங்கள் வெளிர்த் திட்டுகளாகப் பதிந்தன. புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். நூறாண்டுக்கு மேல் நீளும் இப்படியொரு படத்தொடர் உலகில் அபூர்வம்.

துருவ ஒளிக்கு வித்து அந்தக் காந்தத்தில்தான் இருக்கிறது. அது முறுக்கேறி வெடித்தால் பிளாஸ்மா மேகம் ஒன்று கிளம்பி, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் பூமியை எட்டும். மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தக் கவசம் வழிவிடும். உள்ளே பாயும் துகள்கள் மோத, மேலே காற்றிலுள்ள ஆக்சிஜன் பச்சையாகவும், இன்னும் உயரத்தில் சிவப்பாகவும் ஒளிரும். 2024 மே மாதக் காந்தப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில்கூட அந்தச் செம்மை கேமராவில் பதிந்தது. ஹான்லே, கொடைக்கானல் ஆய்வகங்கள் இரண்டையும் நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனம். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தில் சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்க்கும் கருவியும் அந்த நிறுவனம் செய்ததே.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் அந்த விண்கலத்தை மேகம் கடக்கும்போதுதான் மேகத்தின் காந்தத் திசை உறுதியாகத் தெரிகிறது. அதன்பின் பூமிக்கு வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. மேகம் சூரியனை விட்டுக் கிளம்பும்போதே திசையைச் சொல்லிவிட முடியுமா என்பதில்தான் இன்றைய ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.