குடையும் மைலும்: தூத்துக்குடி–கொழும்பு டிக்கெட்டின் கதை

திருநெல்வேலிச் சீமையில் வெளிநாட்டு டிக்கெட் அரை ரூபாய்க்கு விற்ற காலம் ஒன்று உண்டு. அப்புறம் கொஞ்ச நாள் ஓசியிலேயே கிடைத்ததாகவும், கூடவே ஒரு குடையும் கொடுத்ததாகவும் சொல்வார்கள். எல்லாம் தூத்துக்குடி–கொழும்பு கப்பலில், 1906-க்கும் 1908-க்கும் நடுவில். வ.உ.சி. கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதான். கப்பல், சிறை, செக்கு என்று மூன்று படத்தோடு பாடம் முடிஞ்சிரும். அதையே ஒரு டிக்கெட் விலையின் கதையாகப் படித்துப் பார்த்தால், இன்னைக்கு விமான மைல் சேர்க்கிற ஆட்களுக்கும் அதில் விஷயம் இருக்கு.

முதலில் ஒன்று. நம்ம ஆட்களுக்குக் கொழும்பு அப்போது 'வெளிநாடு' மாதிரியே இல்லை. ஆற்றுக்கும் தீவுக்கும் ஒரே பேர்: இங்கே தாமிரபரணி, அங்கே தம்பபண்ணி, கிரேக்கர்கள் தீவை தப்ரொபேன் என்றார்கள். 1870-களில் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, மெட்ராஸில் ஏறினவர் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி வந்து, கப்பலில் ஓர் இரவைக் கழித்து கொழும்பில் இறங்கினார். கோட்டைப் பக்கமும் புறக்கோட்டையிலும் கடை வைத்த வியாபாரிகள், முத்து வணிகர்கள், குமாஸ்தாக்கள் எல்லாரும் இந்த வழிதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பிக்கும்வரை இதுவே பிரதான வாசல்.

அந்த வாசலில் இன்னொரு கூட்டமும் போனது. அவர்களுக்கு டிக்கெட் தகரத்தில். தோட்டத்தின் எண் பொறித்த ஒரு சின்னத் தகர வில்லை. கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை இது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் வைத்துப் பரிசோதித்து, தகரத்தைக் காட்டினால் ரயிலும் கப்பலும் காசில்லாமல். பார்க்கப்போனால் இலவசம். ஆனால் செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்பட்டு, கங்காணியின் கணக்கில் ஏறி, கடைசியில் தொழிலாளியின் கடனாக இறங்கும். கடன் தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போகணும்னா அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். 1921-ல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். இலவச டிக்கெட் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தத் தகர வில்லைதான்.

சரி, கட்டணப் போருக்கு வருவோம். இந்தக் கடல்வழியைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வில்லியம் மெக்கின்னன் 1856-ல் ஆரம்பித்தது, கல்கத்தாவிலிருந்து பர்மா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா வரை கிளை விட்ட பெரிய ஆலமரம். 1906 அக்டோபர் 16-ல் அதற்கு எதிராக சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. துணைச் செயலாளர். ஆசியர் யாரும் பங்கு வாங்கலாம், ஐரோப்பியருக்குக் கிடையாது.

ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே அழுத்தம் கொடுத்ததும் வாடகை ஒப்பந்தம் போச்சு. கொழும்பில் ஒரு கப்பலைப் பிடித்து ஓட்டினார்கள். வ.உ.சி. பம்பாய் போய்ப் பணம் திரட்ட, 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரணப் பயணிகள் 1300 பேர் என்று கப்பலைப் பற்றிய வழக்கமான குறிப்பு சொல்கிறது. இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. கப்பலின் வருமானம் மெத்தை போட்ட 66 பேரிடம் இல்லை. மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு போகிற 1300 பேரிடம்தான். விலைப்போர் நடந்ததும் அவர்களுக்காகவே.

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. அதற்கு மேல் குறைக்க என்ன இருக்கு? சும்மாவே வாங்க, குடையும் தாரோம் என்று வெள்ளைக்காரக் கம்பெனி அறிவித்தது. பெரிய கம்பெனிக்கு இந்த ஒரு வழித்தடத்தில் நஷ்டம் வந்தால் இன்னொரு வழித்தடம் தாங்கும். இரண்டு கப்பல் வைத்திருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்? அப்படியும் சுதேசிக் கப்பலில் கூட்டம் ஏறினது என்பதுதான் ஆச்சரியம்.

குடை ஏழைக்கு. வியாபாரிக்கு வேறு தூண்டில் இருந்தது. அது கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. 1875-ல் கல்கத்தா வணிகத்தில் கப்பல் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக் கட்டணம் நிர்ணயிக்கும் கூட்டணி ஒன்றை உருவாக்கின. 1877 வாக்கில் அதோடு ஒரு சலுகையும் வந்தது. நீங்க கட்டின சரக்குக் கூலியில் ஒரு பங்கு உங்களுக்கே திரும்பி வரும், ஆனால் உடனே இல்லை. ஆறு மாதம் கணக்கில் நிற்கும். அதற்கப்புறமும் சில மாதம் கூட்டணிக் கப்பலைத் தவிர வேறெதிலும் சரக்கு ஏற்றாமல் இருந்தால்தான் கைக்கு வரும். நடுவில் ஒரே ஒரு மூட்டையை வெளிக் கப்பலில் போட்டாலும் சேர்ந்த பாக்கி அத்தனையும் போச்சு. ஒத்திவைத்த தள்ளுபடி. புதுசாக வருகிற கப்பல்காரன் பாதி விலைக்குக் கூப்பிட்டாலும் வியாபாரி யோசிப்பார்: 'அங்கே நம்ம பணம் கிடக்கே'. இதை விசாரிக்க பிரிட்டனில் ஓர் அரச ஆணையமே அமைத்தார்கள். அதுவும் 1906-ல், சுதேசிக் கம்பெனி பதிவான அதே ஆண்டு! அமெரிக்கா 1916-ல் இந்த முறைக்குச் சட்டப்படியே தடை போட்டது. இந்தியாவில் 1929-ல் எஸ்.என். ஹாஜி மத்திய சட்டசபையில் இதற்கு எதிராக மசோதா கொண்டுவந்து பார்த்தார்.

தூத்துக்குடியில் சண்டை விலையோடு நிற்கவில்லை. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம். துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். ஒரு கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டதாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் யாரும் யாருக்கும் குடை கொடுத்ததாகத் தகவல் இல்லை. கொடுக்க அவசியம் என்ன? (இந்த 1908 கலகத்தைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்துக்கு 2024-க்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. திருநெல்வேலிக்காரங்க கட்டாயம் படிக்கணும்.)

இப்போ விமானம். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு போனது. புதுப் புதுக் கம்பெனிகள் வந்து விலையை உடைத்தன. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' என்ற மைல் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 1953-லிருந்து இருந்த அரசு ஏகபோகச் சட்டம் 1994-ல் ரத்தானது. ஏர் இந்தியாவின் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' வந்ததும் அதே 1994. இரண்டாவது கப்பல் துறைக்கு வரும்போதுதான் முதல் கப்பல்காரனுக்குப் பயணி மேல் பாசம் பொங்கும். மைல் என்பது அந்தக் கல்கத்தா தள்ளுபடியின் பேரப்பிள்ளை. நீங்க கொடுத்த பணத்தில் ஒரு பங்கு, கம்பெனியின் கணக்கில், கம்பெனி அடித்த நாணயத்தில் கிடக்கிறது. அதன் மதிப்பை எப்போது குறைப்பது, எத்தனை மாதத்தில் காலாவதி ஆக்குவது என்பதும் அவர்கள் கையில்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, பிசினஸ் வகுப்புக்கு மாறலாம் என்று மைல் சேர்த்து வைத்தவர்களிடம் மைல் மட்டும் இருந்தது. மாறுவதற்கு விமானம் இல்லை. அதனால் என் கட்சி எளிது: மைலை நகை மாதிரி பூட்டி வைக்காதீங்க, தக்காளி மாதிரி செலவழிங்க.

மேல் வகுப்பு விஷயத்தில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான கம்பெனிகளில் ஆக மலிவான எகானமி டிக்கெட்டுக்கு மைல் கொடுத்து மேல் வகுப்பு வாங்க முடியாது. அதற்கு ஒன்றிரண்டு படி மேலே உள்ள கட்டண வகை எடுத்திருக்க வேண்டும். மலிவு டிக்கெட்டும் வேணும், மைல் வைத்து முன்வரிசையும் வேணும் என்றால் நடக்காது; வாங்குவதற்கு முன்னாடியே எது என்று முடிவு பண்ணிரணும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிற வளைகுடாத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கே வராது. அவர் அந்த 1300 பேரில் ஒருத்தர். அவருக்கு வேண்டியது இரண்டாவது கப்பல்.

அது ஏன் நம்ம பக்கம் அவ்வளவா வரவில்லை? நமக்குப் பக்கத்துப் பன்னாட்டு விமான நிலையங்கள் மதுரையும் திருவனந்தபுரமும். இரண்டும் சுமார் 150 கிலோமீட்டர். இதில் மதுரைக்கு ஒரு முட்டுக்கட்டை. அமீரகம், சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட விமான ஒப்பந்தங்களில், அவர்கள் நாட்டு விமானம் இறங்கலாம் என்று குறித்த ஊர்களின் பட்டியலில் மதுரை இல்லை. இந்தியக் கம்பெனி விரும்பினால் மதுரையிலிருந்து அங்கே பறக்கலாம். அவர்கள் கம்பெனி இங்கே வர முடியாது. போட்டி பாதியாகிப் போச்சு.

ஸ்ரீலங்கன் மட்டும் மதுரைக்கு வருகிறது. அதனால் திருநெல்வேலிக்காரருக்கு இன்றும் ஒரு பழைய வழி திறந்திருக்கு: மதுரையில் ஏறி, கொழும்பில் மாறி, சிங்கப்பூரோ லண்டனோ மெல்பர்னோ. சென்னை போய் ஏறுவதோடு ஒப்பிடும்போது, சென்னைக்கான ரயில் கட்டணம், தங்கும் செலவு, ஒரு நாள் லீவு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்க. 2014-லிருந்து ஸ்ரீலங்கன் 'ஒன்வேர்ல்டு' கூட்டணியில் இருக்கிறது. ஆகவே அந்தப் பயணத்தின் மைலைக் கத்தார் ஏர்வேஸ் அல்லது பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கில்கூட ஏற்றிக்கொள்ளலாம், உங்க டிக்கெட்டின் கட்டண வகைக்கு அந்தக் கணக்கில் மைல் உண்டா என்று மட்டும் பார்த்துக்கணும்.

கடல்வழி 2011 ஜூனில் ஒரு தடவை உயிர் பெற்றது. 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடி, அதே நவம்பரில் நின்றுபோனது. வாகைக்குளம் விமான நிலையத்துக்கு 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். அங்கிருந்து கொழும்பு நேர்கோட்டில் 280 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். சென்னைக்குப் பறக்கிற தூரத்தில் ஏறக்குறைய பாதி.