மனநிலைக்குக் காத்திராத எழுதுகோல்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு மலையை நோக்கிச் செல்லும் சாலையோரம் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. அதற்குப் பின்னால் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்புத் தளம் இன்று இல்லை. நம்மில் பலர் அந்த வளைவைத் திரைத்தொழிலின் எச்சமாக மட்டுமே கண்டு கடந்து செல்கிறோம். எழுத வேண்டும் என்று எண்ணியும், மனம் வரவில்லை என்று நாள்களைத் தள்ளிப்போடும் நமக்கு அது வேறொரு செய்தியையும் வைத்திருக்கிறது.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். 1930களின் நடுவில் அவர் தொடங்கிய இந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. நெசவாலையைப் போன்றே இங்கும் நேரமும் ஒழுங்கும் ஆட்சி செய்தன. நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்தில் பணிபுரிந்தனர். 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’க்கு மு. கருணாநிதியும், 1952இல் வெளிவந்த ‘வளையாபதி’க்குப் பாரதிதாசனும் உரையாடல் எழுதினர். கண்ணதாசனும் இங்கு பணியாற்றியவரே.

அவர்களுடன் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். அவர் கவிஞர் கா. மு. ஷெரீப். 1914இல் திருவாரூர்ப் பகுதியில் பிறந்தவர். முறையான பள்ளிக் கல்வி மிகுதியாக வாய்க்காதவர். அவர் நடத்திய ‘ஒளி’, ‘தமிழ் முழக்கம்’, ‘சாட்டை’ ஆகிய இதழ்கள் தமிழறிந்தோரிடையே மதிப்புப் பெற்றன. இதழ் நடத்துபவருக்கு மனநிலை என்பது ஒரு சாக்காக இருக்க இயலாது. அச்சகம் குறித்த நாளில் கையெழுத்துப்படியைக் கேட்கும்.

திரைப்பாடல் எழுதுவதோ இன்னும் கடினமானது. இயக்குநர் காட்சியைச் சொல்வார். இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். நெடில் வரும் இடம், ஒலி நிற்கும் இடம் யாவும் முன்பே முடிவாகியிருக்கும். அந்தக் குறுகிய அளவுக்குள் பொருளும் உணர்வும் குன்றாமல் சொற்களைப் பொருத்த வேண்டும். பாடகரும் வாத்தியக் குழுவினரும் காத்திருக்கையில், ‘இன்று மனம் வரவில்லை’ என்று கவிஞர் எழுந்து செல்ல முடியாது. இத்தகைய தொழிலில் இருந்துகொண்டுதான், 1958இல் வெளிவந்த ‘அன்னையின் ஆணை’யில் தாய்மையைப் போற்றும் பாடலை ஷெரீப் எழுதினார். அது இன்றும் பல இல்லங்களில் கண்ணீருடன் கேட்கப்படுகிறது. கட்டாயத்தில் எழுதியது உயிரற்றிருக்கும் என்ற நம் எண்ணத்துக்கு அப்பாடலே மறுப்பு.

நாமக்கல்லை அடுத்த மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையின் வரலாறும் இதற்கு அணுக்கமானது. ஓவியராக வாழ்வைத் தொடங்கிய அவரைக் காலத்தின் தேவை கவிதையின் பக்கம் இழுத்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அவர்கள் பாடிச் செல்ல ஒரு பாடல் தேவைப்பட்டது. அதனை அவர் எழுதித் தந்தார். நடப்பவர்களின் கால்கள் கவிஞரின் மனநிலைக்காகக் காத்திருப்பதில்லை.

நம் மார்க்க அறிஞர்களின் வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹனஃபி சட்ட அறிஞர் இமாம் சரக்ஸீ, ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகிச் சிறையில் அடைக்கப்பட்டார். நிலவறையிலிருந்து அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, மேலே அமர்ந்த மாணவர்கள் எழுதிக்கொண்டதாகவே ‘அல் மப்ஸூத்’ என்னும் பெருநூலின் வரலாறு கூறப்படுகிறது. அமைதியான அறையும் நல்ல மேசையும் கிடைத்த பிறகு எழுதலாம் என்று அவர் இருந்திருந்தால், நூல் நமக்குக் கிடைத்திராது.

இதனை விளங்கிக்கொள்ள நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஃபஜ்ர் தொழுகைக்கு எழும்போது ஒவ்வொரு நாளும் நம் உள்ளம் உவகையுடனா எழுகிறது? நேரம் வந்தது என்பதால் எழுகிறோம். உளூ செய்து, ஸஃப்பில் நின்ற பின்னரே உள்ளம் மெல்ல வந்து சேர்கிறது. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். எழுதுகோலைக் கொண்டு கற்பித்தவன் என்று தன்னை அறிமுகப்படுத்திய இறைவனின் அடியார்கள், அந்த எழுதுகோலுக்கும் இந்த நெறியைக் கடைப்பிடிப்பது பொருத்தமே.

இதில் நாம் இழப்பது வெறும் தாள்களையன்று. சேலத்துத் தோல் மண்டிகளிலும் ஜவுளிக் கடைகளிலும், நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் உழைத்துக் குடும்பங்களை நிலைநிறுத்திய முன்னோர்களின் வாழ்வு எந்த நூலிலும் இல்லை. அது நம் நன்னாமார், நன்னிமார் நினைவில் மட்டுமே இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், பஞ்ச காலத்தில் எப்படிப் பிழைத்தார்கள், வீட்டில் உருதுவும் தமிழும் எவ்வாறு கலந்தன என்பவற்றை அடுத்த ரமலானில் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நாமும் ஒத்திவைத்தோம். அந்த ரமலான் வருவதற்குள் ஜனாஸா வந்துவிட்டது. கேட்கப்படாத வினாக்கள் நம்மிடமே தங்கிவிட்டன.

ஆகவே, மனம் வரட்டும் என்று இருக்க வேண்டாம். இஷாவுக்குப் பின் கால் மணி நேரத்தை ஒதுக்குவோம். ஒரு குறிப்பேடு, ஒரே இடம், ஒரே நேரம் போதும். முதல் நாள் பாட்டனாரின் பெயரும் ஊரும் மட்டுமே எழுத வரலாம், அதுவும் எழுத்தே. அழகு பின்னர் வரும். வராவிட்டாலும், நம் பேரப்பிள்ளைகள் அந்தக் குறிப்பேட்டில் தேடப்போவது அழகையன்று.

இன்றிரவே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.